குரூப்பில் நான் போட்ட பதினோரு வினாடி

மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரைக்கும் வந்த புதிதில் எங்கள் தெருவில் பாதிப் பேர் ஒரு வேலையும் இல்லாமலே அதில் ஏறிப் போய் வந்தார்கள். நானும் போனேன். திரும்பி வரும்போது வண்டி பூமிக்குள்ளிருந்து மேலே ஏறியதும், ஜன்னலில் துறைமுகத்துக் கிரேன் தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தேன். மொட்டை மாடிகளும் தண்ணீர்த் தொட்டிகளும்தான் தெரிந்தன. அதற்கு மறு வருஷம், கத்திரி வெயிலில்தான் தசரதன் வீட்டை விட்டுக் காணாமல் போனான்.

தசரதன் கிரேன் டிரைவர். நான் அவனுக்கு சிக்னல்மேன். என் பெயர் கோதண்டம். ஆனால் மூன்றாம் கேங்கில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'சிக்னல்' என்றால்தான் திரும்புவேன்.

இதை எழுதச் சொன்னது ஏகாம்பரம். கப்பல் சரக்கைக் குறித்துக்கொள்கிற டாலி கிளார்க்காக எங்கள் கேங்கில் இருந்தவன். இப்போது ரிடையர் ஆன எங்களுக்கெல்லாம் ஒரு வாட்ஸப் குரூப் வைத்து, அதற்கு அட்மினாக இருக்கிறான். போன மாதம் வீட்டுக்கு வந்து குந்தினான்.

"சிக்னலு, குரூப்புல எப்டி நடந்துக்கணும்னு நீ எதுனா சொல்லு நைனா. சங்கத்து மலர்ல போடலாம். நான் சொன்னா எவன் கேக்கறான்?"

"நான் சொன்னா மட்டும் கேப்பானா?"

"கேப்பான். உன் கொரலுக்கு ஒரு இது கீதுபா."

அந்த 'இது'தான் இத்தனை வம்புக்கும் காரணம். வருகிறேன் அதற்கு.

எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், எழுத வராது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். "மாமா, நீங்க பேசற மாதிரியே எழுதினா மலர்ல போட மாட்டாங்க" என்று அவள் பாஷையில் மாற்றிக்கொள்கிறாள். பேசினவர்கள் பேச்சை மட்டும் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன்.

துறைமுகத்தில் முதல் இரண்டு வருஷம் மூட்டை தூக்கினேன், அப்புறம் கொஞ்ச காலம் கப்பலுக்குள்ளே சங்கிலி மாட்டினேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. முதுகு வலித்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு பர்னபாஸ் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு, "நீ நெறைய பேசறதில்ல. சிக்னலுக்கு வா" என்றார்.

சிக்னல் வேலை என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கிரேன் டிரைவர் மேலே கூண்டில் உட்கார்ந்திருப்பான். கப்பலின் வயிறு அவனுக்குத் தெரியாது. அதற்குள் ஆட்கள் நிற்பார்கள். அவர்கள் தலைக்கு மேல் பத்து டன் தொங்கும். விளிம்பில் நின்று கீழேயும் மேலேயும் பார்க்கிறவன் நான் ஒருவன்தான். ஆரம்பத்தில் கை சைகை. அப்புறம் வாக்கி டாக்கி வந்தது.

அந்தக் கருவியில் பொத்தானை அழுத்தினால் நாம் பேசலாம். நாம் அழுத்தியிருக்கிற வரைக்கும் வேறு எவனும் பேச முடியாது. ஆகையால் பர்னபாஸ் மேஸ்திரி சொல்லிக்கொடுத்த முறை இது. அழுத்து, ஒரு மூச்சு விடு. யாருக்கு என்று முதலில் பெயரைச் சொல். விஷயத்தைச் சொல். பொத்தானை விடு. கேட்டவன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லாமல் கை அசைத்தால் அன்றைக்கு அவனுக்கு வேலை இல்லை. பளு இறங்குகிறபோது மட்டும் விடாமல் "எறக்கு, எறக்கு, எறக்கு" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். என் குரல் நின்றால் கிரேன் நிற்கும். ஏன் நின்றது என்று அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம்.

தூக்கு, இறக்கு என்று சொல்ல ஒருவனுக்குத்தான் உரிமை. நிறுத்து என்று சொல்ல எல்லாருக்கும் உரிமை. டீ கொண்டுவருகிறவன் 'நிறுத்து' என்றாலும் நிறுத்த வேண்டும். குரூப்பில் இது அப்படியே தலைகீழ். தூக்கு தூக்கு என்று எதையும் தூக்கி அனுப்ப அத்தனை பேரும் இருக்கிறார்கள். நிறுத்து என்று ஒருத்தன் சொன்னால், "இவரு பெரிய இவரு" என்கிறார்கள்.

பர்னபாஸ் மேஸ்திரி ராயபுரத்துக்காரர். குள்ளம். காலரில் கைக்குட்டை செருகியிருப்பார். முப்பது வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. சிக்னலுக்குப் புதிதாக வந்தவனைச் சோதிக்க அவருக்கு ஒரு வழி இருந்தது. சரக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கடலைப் பார்த்து நிற்பார். நாம் பேசுகிறதை மட்டும் கேட்பார். ஷிப்ட் முடிந்ததும், "மூணாவது கட்டு எறங்கறப்ப சாஞ்சுது. அத்த நீ லேட்டா சொன்ன" என்பார். பார்க்காமலே. நம் குரலில் இருந்து அவருக்குத் தெரிந்துவிடும்.

யார் எந்தச் சேதியைக் கொண்டுபோனாலும் அவர் கேட்பது ஒன்றுதான். "பாத்தியா, கேட்டியா?" கேட்டேன் என்று சொன்னால், "அப்ப சொன்னவனக் கூட்டினு வா" என்பார். ஒரு தடவை ஆறாம் நம்பர் ஷெட்டில் தீ என்று ஓடி வந்தவனையே அப்படி நிறுத்தினார். அவன் சொன்னவனைத் தேடிப் போனான். கடைசியில் பார்த்தால், கேன்டீனில் தோசைக்கல் புகைந்திருக்கிறது.

ஒரு நாள் இரும்புத் தகட்டுக் கட்டு இறங்கிக்கொண்டிருந்தது. கீழே மஸ்தான் பாயும் இன்னொருவரும். மஸ்தான் பாய் எங்கள் கேங்கில் சங்கிலி அவிழ்க்கிறவர். சரக்குக்கு அடியில் போடுகிற கட்டைகளுக்கு நடுவே அவர் கால் சிக்கிக்கொண்டது. நான் "நிறுத்து" என்று அழுத்துகிறேன், போகவில்லை. அடுத்த கப்பலில் எவனோ வாக்கி டாக்கியைப் பிடித்துக்கொண்டு, அவன் வீட்டில் முந்தின நாள் வைத்த வஞ்சிரக் குழம்பைப் பற்றித் தோஸ்துக்கு விவரம் சொல்லிக்கொண்டிருக்கிறான். மாங்காய் போட்டது முதல் சொல்கிறான். நான் பித்துப் பிடித்தவன் மாதிரி கையை ஆட்டினேன். அதற்குள் கிரேன் நின்றிருந்தது. கட்டு மஸ்தான் பாயின் தலைக்கு ஒரு முழம் மேலே அப்படியே தொங்குகிறது.

கீழே தரையிலிருந்து சூப்பர்வைசர் கத்தினார். "யோவ் தசரதா, இன்னாத்துக்குயா நிறுத்திட்ட?"

தசரதன் கூண்டிலிருந்து தலையை நீட்டி, "சிக்னல் கொரலு வரல சார்" என்றான். திரும்ப உள்ளே போய்விட்டான்.

பர்னபாஸ் மேஸ்திரி அடுத்த கப்பலுக்கு நடந்து போனார். நானும் பின்னாலே போனேன், அடிப்பாரோ என்று பார்க்கத்தான். அந்த ஆளிடமிருந்து கருவியை வாங்கிக்கொண்டார். "உன் வூட்டு மீன் கொயம்பு நல்லாத்தாம்பா இருக்கும். அதுக்கு அடியில ரெண்டு பேரு நின்னுகினு இருந்தாங்க" என்றார். வந்துவிட்டார். அந்த ஆள் அதற்குப் பிறகு கருவியைத் தொட்டதாக எனக்குத் தெரியவில்லை.

இப்போது எங்கள் குரூப்புக்கு வருகிறேன். அறுபத்து மூன்று பேர். அத்தனை பேரும் அந்த மேஸ்திரியிடம் வேலை பார்த்தவர்கள்தான். விடியும் முன்பே ரோஜாப்பூ வருகிறது. பூவுக்குப் பின்னால் இன்னொரு பூ. எழுபது வயசு ஆள் உங்களுக்கு எதற்கு ரோஜாப்பூ அனுப்புகிறான் என்று என் மனைவி கேட்கிறாள். அப்புறம் மருந்து. பப்பாளி இலையைக் கசக்கினால் போகும் வியாதி, கழுதைப்பாலில் போகும் வியாதி. அனுப்புகிறவன் ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்துகொண்டு அனுப்புகிறான். இன்னொருத்தன் எழுதாமல், பேசிப் பதிவு செய்து அனுப்புவான். முதல் அரை நிமிஷம் அவன் வீட்டுக் குக்கர்தான் பேசும். அப்புறம் தொண்டையைச் செருமி, "நான் அப்பறமா பேசறேன்" என்பான்.

ஒருவன் வீட்டில் சாவு என்று சேதி போட்டால், அதற்குக் கீழேயே கேக் படம். கேட்டால், "நான் மேல பாக்கல மாமு" என்பான். மேலே பார்க்காத ஆளை நாங்கள் கப்பலுக்குள்ளேயே விட்டதில்லை. நாற்பது பேர் ஒரு விஷயத்தைப் பேசி முடித்த பிறகு ஒருத்தன் வந்து, "இன்னா மேட்டரு?" என்று கேட்பான். அவனுக்குப் பத்துப் பேர் பத்து விதமாகப் பதில் சொல்வார்கள். ஒரு வார்த்தையும் சொல்ல இல்லாதவன்தான் அதிகமாகச் சொல்கிறான். சும்மா இருப்பதைக் குறைச்சல் என்று நினைத்துக்கொள்கிறார்கள், பேஜார் பிடித்தவர்கள்.

அந்தக் கத்திரி வெயில் நாளில், காலை பத்து மணிக்குத் தசரதன் மகள் விஜயா அப்பாவின் போனிலிருந்து குரூப்பில் எழுதினாள். தசரதனுக்கு அதற்கு முந்தின வருஷத்திலிருந்தே மறதி. சர்க்கரையும் உண்டு. "அப்பாவை ஏழு மணியிலிருந்து காணவில்லை. நீல லுங்கி, வெள்ளை பனியன். திருவொற்றியூர் மார்க்கெட் பக்கம் கடைசியாகப் பார்த்தது. யாராவது பார்த்தால் இந்த நம்பருக்குக் கூப்பிடவும்." கூடவே முந்தின நாள் எடுத்த போட்டோ. அந்தக் குரூப் ஆரம்பித்ததிலிருந்து அப்படி ஒரு ஒழுங்கான சேதி வந்ததே இல்லை. யார், எப்போது, எங்கே, யாரிடம் சொல்ல வேண்டும், எல்லாம் நாலு வரியில் இருந்தது.

உடனே ஆரம்பித்தார்கள். கும்பிடுகிற கை. அதற்குக் கீழே இருபது கும்பிடுகிற கை. "எந்த தச்சு?" என்று ஒருவன். தசரதனை அப்படித்தான் கூப்பிடுவோம். "கிரேன் தச்சுவா, ஒர்க்ஷாப் தச்சுவா?" என்று இன்னொருவன், போட்டோ மேலேயே இருக்கிறது. மறதிக்கு வல்லாரைக் கீரை நல்லது என்று ஒரு வைத்தியன். ஒரு புண்ணியவான் 'ஆழ்ந்த இரங்கல்' என்று போட்டான்.

நான் அதையெல்லாம் திட்டிக்கொண்டே திருவொற்றியூர் ரயில் ஸ்டேஷன் வாசலுக்குப் போனேன். இளநீர் கடைக்காரரிடம் போட்டோவைக் காட்டினேன். அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இளநீர் குடித்துக்கொண்டிருந்த ஓர் ஆள் எட்டிப் பார்த்தான்.

"இந்த பெர்சா? மீஞ்சூர் டேஷன்ல நீல லுங்கி கட்டிகினு ஒருத்தரு காலைலேர்ந்து குந்தினு கீறாருன்னு என் மச்சான் போன்ல சொன்னான்பா."

நான் அந்த மச்சானின் நம்பரைக் கேட்கவில்லை. இளநீர் குடித்தவன் பெயரையும் கேட்கவில்லை. போனை எடுத்து அழுத்தினேன், ஒரு மூச்சு விட்டேன்.

"எல்லாரும் கேளுங்க. தசரதன் மீஞ்சூர் டேஷன்ல கீறான். மீஞ்சூர். பக்கத்துல கீறவங்க ஒடனே போங்க. நானும் போறேன்."

பதினோரு வினாடி. குக்கர் சத்தம் இல்லை, தொண்டைச் செருமல் இல்லை. பெயர் முதலில், இடம் இரண்டு தடவை. முறை எல்லாம் சுத்தம். மச்சான் சொன்னான் என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

வேறு எவனாவது சொல்லியிருந்தால், "நீ பாத்தியா?" என்று பத்துப் பேர் கேட்டிருப்பார்கள். என்னை ஒருவனும் கேட்கவில்லை. முப்பது வருஷம் கண்ணால் பார்த்ததை மட்டும் சொன்ன குரல் அது. அந்தக் குரலை நம்பித் தலைக்கு மேல் இரும்பைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றவர்கள் அவர்கள். கும்பிடுகிற கை எல்லாம் நின்றுபோனது. பதினாலு பேர் மீஞ்சூருக்குக் கிளம்பினார்கள். எண்ணூர் பக்கம் ஆட்டோவில் தேடிக்கொண்டு போன விஜயாவும் வண்டியைத் திருப்பினாள்.

நான் மின்சார ரயில் ஏறினேன். வண்டி காத்திவாக்கத்தில் நின்றபோது போனில் ஒரு சத்தம். பார்த்தேன். ஏகாம்பரம் எழுதியிருந்தான். "மஸ்தான் பாய், நேரம் காலம் தெரியாம பழைய போட்டோ போட்டு கலாய்க்காதீங்க. சிக்னல் மீஞ்சூர்னு சொல்லிட்டாரு." சரியாகத்தான் சொன்னான் என்று நினைத்துக்கொண்டேன். மஸ்தான் பாய் போட்ட போட்டோவை நான் திறக்கவில்லை. வண்டி கிளம்பியது.

மீஞ்சூர் பிளாட்பாரத்தில் நீல லுங்கி கட்டின ஒரு பெரியவர் மாம்பழம் விற்றுக்கொண்டிருந்தார். நான் போய்த் தோளைத் தொட்டதும் எரிந்து விழுந்தார்.

"இன்னாபா உங்களுக்கு? ஒருத்தன் மாத்தி ஒருத்தன் வந்து மூஞ்சப் பாத்துட்டு போறீங்க. மாம்பயம் வாங்கறவன் ஒருத்தனையும் காணோம்."

அதோடு திரும்பியிருக்க வேண்டும். நான் சொன்னால் தப்பாகாது என்று மற்றவர்கள் நினைத்தது போக, நானே நினைத்துவிட்டேன். இங்கேதான் எங்கேயோ இருப்பான் என்று பஸ் ஸ்டாண்டு, கோயில், சினிமாக் கொட்டகை வாசல் எல்லாம் அலைந்தோம். ஊரே வெந்துகொண்டிருந்தது. விஜயா துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு கடை கடையாகப் போட்டோவை நீட்டினாள்.

மூன்று மணிக்கு மஸ்தான் பாய் எனக்குப் போன் செய்தார்.

"சிக்னலு, நான் இன்னாத்துக்குயா கலாய்க்கப் போறேன்? எண்ணூர்ல பொண்ணு வூட்டுக்கு ஷேர் ஆட்டோல போய்கினு இருந்தேன். தச்சு காத்திவாக்கத்துல தண்ணி ஓரமா கவுத்த படகு மேல குந்தினு இருந்தான். காத்து வாங்கறானேன்னு சிரிச்சிகினே போட்டோ புடிச்சு போட்டேன். அவனக் காணோம்னு எனக்கு தெரியாதுபா. இப்பதான் சோறு துன்னுட்டு குரூப்ப பாக்கறேன்."

"எப்ப பாய் பாத்த?"

"பதினோரு மணி. என் கண்ணால பாத்தேன்யா."

அறுபத்து மூன்று பேரில் அன்றைக்குப் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னவர் அவர் ஒருத்தர்தான். அவரைத்தான் திட்டி வாயை அடைத்தோம்.

நாங்கள் காத்திவாக்கம் போய்ச் சேர்ந்தபோது, கையால் தடவி இறால் பிடிக்கிற பெண்கள் நாலு பேர் தசரதனை ஒரு வலைக் குடிசையின் நிழலில் படுக்க வைத்திருந்தார்கள். உதடு வெடித்திருந்தது. கண் திறக்கவில்லை. வலது கால் முழங்கால் வரை சேறு, பாதத்தில் ரத்தம்.

"உங்க ஆளா?" என்றாள் அவர்களில் வயசானவள். "சேத்துல எறங்கி ஆளிச்சிப்பில கால அறுத்துக்கினாரு. எப்ப வுயுந்தாரோ தெரில. தண்ணி வத்தி நாங்க இந்தாண்ட வந்தப்பறம்தான் பாத்தோம். எத்தினி பேரு கீறீங்க, இவ்ளோ நேரம் எங்க போனீங்க?"



உயிர் தங்கியது. சர்க்கரைக்காரனுக்குச் சேற்றிலே மணிக்கணக்காகக் கிடந்த வெட்டு. பன்னிரண்டாம் நாள் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

குரூப்பில் அன்றைக்கு மாலையே கைதட்டல் ஆரம்பித்துவிட்டது. தசரதன் கிடைத்தாச்சு என்று வெடி, பலூன். "மூணாம் கேங்கு ஒத்துமைன்னா இதான்" என்று ஏகாம்பரம். எனக்கு நன்றி சொல்லி ஏழெட்டுப் பேர். சிக்னல் அண்ணன் வெயிலில் மீஞ்சூர் வரை போய் அலைந்தாராம். மஸ்தான் பாயிடம் ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கால் எடுத்த மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். விஜயா வராந்தாவில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். எழுந்து இடம் விட்டாள். சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்பாவுக்குச் சோறு கொண்டுவருகிறவள், எனக்கும் சேர்த்து ஊறுகாய் எடுத்து வருவாள். நான் உட்கார்ந்ததும் கேட்டாள்.

"மாமா, மீஞ்சூர்ல கீறாருன்னு உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

"ஒருத்தன் சொன்னான்மா."

"யாரு?"

"தெரியாதும்மா. இளநீர் குட்சிகினு இருந்தான்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "நான் அப்ப எர்ணாவூர் தாண்டிட்டேன் மாமா" என்றாள். "இன்னும் பத்து நிமிசத்துல அந்தப் படகாண்ட போயிருப்பேன். உங்க கொரலக் கேட்டுதான் திரும்புனேன்."

அன்று மத்தியானமே குரூப்பில் இன்னொரு தடவை பேசினேன். "மீஞ்சூர்னு சொன்னது நான். நான் பாக்கல. கேட்டதத்தான் சொன்னேன். மஸ்தான் பாய் சொன்னதுதான் நெஜம்." அவ்வளவுதான். அதற்கு ஒருத்தன் கும்பிட்டான். இன்னொருத்தன் மாலை வணக்கம் போட்டான். "வுடு நைனா, குரூப்புன்னா நாலும் வரத்தான் செய்யும். குரூப்பு மேல தப்பு, உன் மேல இன்னா தப்பு" என்று ஏகாம்பரம் எழுதினான். அதற்குக் கீழே வெயிலுக்கு நுங்கு நல்லது என்று ஒரு சேதி வந்தது. நான் பேசினது மேலே போய்விட்டது. மேலே போனால் போனதுதான், எங்கள் ஆட்கள் ஒருவனும் ஏறிப் பார்க்க மாட்டான்.

குரூப்பு மேல் தப்பு என்கிறான். குரூப்பு என்பது யார்? அதற்குக் கை இருக்கிறதா, வாய் இருக்கிறதா? தசரதன் கட்டில் ஓரத்தில் போய் நிற்க அதற்குக் கால் இருக்கிறதா? அறுபத்து மூன்று பேர் சேர்ந்துகொண்டு, ஒருத்தனும் செய்யாததாக ஒரு காரியத்தை முடித்துவிடுகிறார்கள். அந்தச் சுகத்துக்காகத்தான் இதை வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

தசரதனுக்கு இது எதுவும் தெரியாது. நான் போனால் சிரிக்கிறான். போர்வைக்குள்ளே கால் அரிக்கிறது, சொறிந்துவிடு என்கிறான். இல்லாத கால் அது. நான் போர்வை மேலே சொறிந்துவிடுகிறேன். இன்னும் கொஞ்சம் கீழே என்கிறான்.

ஏகாம்பரம், நீ கேட்டபடி சொல்லிவிட்டேன். மலரில் போடு. மற்ற கேங் குரூப்புகளுக்கும் அனுப்பு. படிக்கிறவர்களும் தெரிந்தவர்களுக்கு அனுப்புங்கள், நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 'யாரோ ஒரு பெரியவர்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். மூன்றாம் கேங் கோதண்டம், திருவொற்றியூரில் இருக்கிறான், தசரதன் காலுக்கு அவன்தான் காரணம் என்று அவனே சொன்னான் என்று பெயரோடு போட்டு அனுப்புங்கள். சந்தேகம் இருந்தால் என் வீட்டுக்கு வந்து கேளுங்கள், இருப்பேன்.